வயலூர் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்

திருச்சி புத்தூரில் பழைய கார்கள் அதிகம். ஊரின் அமைப்பே அப்படி. அரசு மருத்துவமனை இங்கே இருப்பதால் சுற்றிலும் டாக்டர் குடும்பங்கள். பிஷப் ஹீபர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர்கள் நாலு தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, கடைசிக் காலத்துக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று இங்கே வீடு கட்டி வந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். போர்டிகோவில் ஒரு பிரீமியர் பத்மினி, இல்லாவிட்டால் மாருதி 800, அபூர்வமாக ஓர் அம்பாசிடர், மேலே போர்த்திய பழைய பெட்ஷீட்டோடு நிற்கும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வரும்.

முதலில் மெக்கானிக்காகவும் பிறகு புகைப் பரிசோதனை மையம் வைத்தும் இந்த வண்டிகளோடுதான் நான் பிழைத்திருக்கிறேன். ஓலா, ஊபர் வண்டிகளையும் பள்ளிக்கூட வேன்களையும் எத்தனையோ பார்த்தாயிற்று. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஓடுகிற வண்டி எங்கே கெடும், எப்போது கெடும் என்பது ஓரளவு தெரிந்த கணக்கு. நின்றுகொண்டே கெடுகிற வண்டிதான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது.

அந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். "மாசத்துக்கு முப்பது கிலோமீட்டர் கூட ஓடலப்பா. இதுக்குப் போய் ஆறு மாசத்துக்கு ஒருதரம் புகை டெஸ்ட் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தில் கிலோமீட்டருக்கு இடமில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி, முதல் பதிவிலிருந்து ஓர் ஆண்டு கழிந்த எந்த வண்டியும் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழோடுதான் ஓட வேண்டும் என்கிறது. பழைய வண்டிக்கு அந்தச் சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம், பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ்.4) என்ற மாசு வரம்பின் காலத்திலிருந்து வந்த வண்டிக்கு ஓர் ஆண்டு. தினம் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் சரி, வருஷத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடினாலும் சரி, வித்தியாசம் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் மாட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். மூன்று மாதம் லைசென்சையும் நிறுத்தி வைக்கலாம்.

இன்சூரன்ஸோடும் இதைக் கொஞ்ச காலம் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிச் செய்ததால் ஏராளமான வண்டிகள் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட ஆரம்பித்தன. அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போனது. 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. "அப்போ டெஸ்டே வேண்டாமா?" என்று அடுத்த வாரமே ஒருவர் வந்து கேட்டார். முடிச்சை அவிழ்த்தார்களே தவிர டெஸ்டை எடுக்கவில்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒரு டீ செலவானது.

பலரும் நினைக்கிற மாதிரி எங்கள் மெஷின் புகையைப் பார்ப்பதில்லை. டீசல் வண்டிக்குத்தான் புகையின் அடர்த்தியை அளக்கும் கருவி. பெட்ரோல் வண்டிக்கு, சைலன்சருக்குள் ஒரு குழாயை ஒரு அடி ஆழத்துக்கு விடுகிறோம். மெஷின் காற்றை இழுத்து, ஈரத்தையும் தூசியையும் வடிகட்டிவிட்டு, ஒரு சின்ன அறைக்குள் அனுப்புகிறது. அங்கே ஒரு பக்கமிருந்து அகச்சிவப்புக் கதிர் பாய்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு ஒவ்வொன்றும் அந்தக் கதிரில் தனக்கென்று ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு குறைந்ததோ அதைக் கொண்டு எவ்வளவு வாயு இருந்தது என்று கணக்குப் போடுகிறது. ஆக்சிஜனுக்கு மட்டும் தனி செல். இவ்வளவையும் என்ஜின் ஐடிலில் ஓடும்போது பார்க்கிறோம்.

எவ்வளவு வரை விடலாம் என்பது வண்டி பிறந்த காலத்தைப் பொறுத்தது. பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும். பி.எஸ்.4 வண்டிக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம்.; அதோடு என்ஜினை 2500 சுற்று வரை ஏற்றி இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பத்மினிக்கு ஆறு மடங்கு சலுகை இருக்கிறது என்று மாருதி ஆல்டோக்காரர் கோபித்துக்கொள்வார். பத்மினியில் இருப்பது கார்புரேட்டர். உள்ளே போகும் பெட்ரோலையும் காற்றையும் நொடிக்கு நொடி திருத்த ஆளில்லாத சாதனம். அதனிடம் அரை சதவீதம் கேட்பது நடக்காத காரியம் என்று தெரிந்துதான் 3 சதவீதம் வைத்தார்கள்.

நாலு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பானெட்டைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், சோக் முழுதாகத் திறக்காது, இல்லை ஃப்ளோட் லெவல் ஏறியிருக்கும். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது: பிளக், பாயிண்ட், டைமிங், வால்வு என்று தேட வேண்டும். ஆக்சிஜன் அதிகமாகவும் மற்றதெல்லாம் குறைவாகவும் காட்டினால் சந்தோஷப்படக் கூடாது. சைலன்சரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலக்கிறது என்று அர்த்தம். கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் சேர்ந்து ஏறக்குறைய 15 வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் அந்த ரீடிங்கை நான் நம்புவதில்லை.

ஒரு பத்மினியின் கதையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடையது. குளிப்பாட்டித் துடைத்து, கண்ணாடி எல்லாம் பளபளவென்று, சீட்டுக்கு வெள்ளை உறை. குழாயை விட்டதும் கார்பன் மோனாக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டியது. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "போன மாசம்தான் என்ஜின் ஆயில் மாத்தினேன். டெய்லி காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே?" என்றார்.

"அதான் சார் பிரச்சினை" என்றேன்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருந்தது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிஷத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்துகொள்ளும். குளிர்ந்த என்ஜினுக்குச் சோக் இழுத்திருப்பார். அதிகப்படியாகப் போகும் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி அதுவும் ஆயிலில் சேரும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தது. ஒரு மாத ஆயில் அது. வருஷக்கணக்கில் ஓடின ஆயிலைவிட மோசமாக இருந்தது.

கார்புரேட்டரைக் கழற்றினோம். ஃப்ளோட் அறையின் அடியில் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் பூசினாற்போல ஒரு படலம். பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். கனமான பகுதி பிசினாகத் தங்கும். அந்தப் பிசின் நீடில் வால்வின் முனையில் ஒட்டியிருந்ததால் வால்வு சரியாக மூடவில்லை. அறையில் பெட்ரோல் மட்டம் ஏற, ஜெட்டில் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கடைப் பையன் பல் துலக்கும் பிரஷைப் பெட்ரோலில் நனைத்து வால்வு உட்காருமிடத்தைத் தேய்த்தான். பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். கம்பி விடவில்லை. துவாரம் ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் அப்புறம் குப்பைதான். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்து, ஆயிலை மாற்றி, வண்டியைக் கீழே இறக்கினோம்.

ஆனால் உடனே டெஸ்ட் எடுக்கவில்லை. "சார், வயலூர் வரைக்கும் ஓட்டிட்டு, முருகனைக் கும்பிட்டுட்டு நேரா இங்க வாங்க. வழியில எங்கேயும் ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றேன். சோமரசம்பேட்டை வழியாகப் போய்த் திரும்பினால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஆகும். என்ஜின், ஆயில், சைலன்சர் மூன்றும் சூடாவதற்கு அது போதும். திரும்பி வந்தவரின் நெற்றியில் விபூதி, மெஷினில் 2.3 சதவீதம். மிக்சர் ஸ்க்ரூவைத் தொடக்கூட இல்லை.

அன்றிலிருந்து, அவர் தெருக்காரர்கள் வந்தால் "முதல்ல வயலூர் போகணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும்தான் இந்த வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 2005 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களுக்கு இது இன்னும் அவசியம். அவற்றின் சைலன்சர் பாதையில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது. உள்ளே தேன்கூட்டு வடிவக் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. ஏறத்தாழ 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். ஆக்சிஜன் சென்சாருக்கும் அதே கதை. தில்லைநகரிலிருந்து நாலு தெரு தாண்டி நேராக என் கடைக்கு வந்தால் கன்வர்ட்டர் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். 0.5 எல்லையில் 1.4 காட்டும். "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கன்வர்ட்டரே மாத்தணும்னு சொல்லிட்டாங்க, நாற்பதாயிரம் கேட்கிறாங்க" என்று கலங்கி வந்தவர்களில் பாதிப் பேரை வயலூருக்கு அனுப்பியே தேற்றியிருக்கிறேன். மீதிப் பாதிக்கு உண்மையிலேயே கன்வர்ட்டர் போயிருந்தது. பிளக் ஒன்று வேலை செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டினால், எரியாத பெட்ரோல் போய் அங்கே எரிந்து கட்டியையே உருக்கிவிடும்.

இதில் சங்கடமான ஒரு விஷயம் உண்டு. எங்கள் டெஸ்ட் சூடான என்ஜினின் டெஸ்ட். விதியும் அதைத்தான் கேட்கிறது. வேறு மாதிரி எடுத்தால் வண்டிக்கு வண்டி ஒப்பிட முடியாது. ஆனால் அபூர்வமாக ஓடும் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதி குளிர்ந்தேதான் ஓடுகிறது. ஸ்டார்ட் செய்து தெருமுனைக் கடை வரை போய் அணைப்பது, போர்டிகோவிலேயே உறுமவிட்டு அணைப்பது. அந்த முதல் சில நிமிஷங்களில்தான் பெட்ரோல் அதிகம் போகிறது, கன்வர்ட்டர் தூங்குகிறது, அழுக்கு வெளியே வருகிறது. என் தாளில் 2.3 என்று அச்சாகிப் போன பத்மினி, மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் என்ன விடுகிறது என்று எந்த மெஷினும் பார்ப்பதில்லை. சான்றிதழ் பொய் இல்லை. அது சொல்லும் நேரம்தான் வேறு.

அதனால்தான் தினமும் ஸ்டார்ட் செய்து வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லிப் படித்துப் படித்துச் சொல்கிறேன். பேட்டரிக்குக்கூட அதில் லாபமில்லை. ஸ்டார்ட்டர் எடுத்த கரண்ட்டை ஐந்து நிமிஷ ஐடிலில் டைனமோ திருப்பிக் கொடுக்காது. மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்வது உயிருக்கே ஆபத்து. 3 சதவீதம் என்றால் 30,000 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். வயசானவர்கள் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, கொசு வரும் என்று ஜன்னலையும் மூடிக்கொண்டு, "என்ஜின் சத்தம் கேட்டுட்டு நிக்கிறேன்" என்று சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நின்ற வண்டி எப்படிக் கெடும் என்பதை ஊருக்கே காட்டியது 2020 ஊரடங்கு. 2020 பிப்ரவரி முதல் காலாவதியான ஆர்.சி., எஃப்.சி., லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் மத்திய அரசு தவணை தவணையாக அவகாசம் கொடுத்து, கடைசியில் 2021 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. காகிதத்துக்குக் கிடைத்த அவகாசம் பெட்ரோலுக்குக் கிடைக்கவில்லை. கதவைத் திறந்ததும் வந்த வண்டிகளில் வீல் சிலிண்டர் இறுகியிருந்தது, கிளட்ச் பிளேட் ஒட்டியிருந்தது, டயர் ஒரே இடத்தில் அமுங்கிச் சப்பையாகியிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கிளம்பும். வால்வு சீல் காய்ந்து ஆயில் உள்ளே இறங்கியிருக்கும். சூடேறச் சூடேற அது குறைந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. குறையாமல் நின்றால் செலவு.

இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. இருபது சதவீதம் எத்தனால் கலந்தது பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்த பிறகு கார்புரேட்டர் வண்டிகளில் ஒரு வேடிக்கை பார்க்கிறேன். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் மிக்சர் தானாகவே கொஞ்சம் மெலிகிறது. கார்பன் மோனாக்சைடு ரீடிங் முன்பைவிட இறங்குகிறது. டெஸ்ட் சுலபமாகப் பாஸ் ஆகிறது என்று வண்டிக்காரர் மகிழ்வார். ஆனால் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரொம்ப நாள் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்துவிடும். பழைய ரப்பர் ஓஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊதிப்போய் விரிசல் விடும். நிறுத்தி வைக்கிற வண்டிக்குக் கொஞ்சமாக அடித்து, அதை ஓட்டித் தீர்த்து, மறுபடி புதிதாக அடியுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஓஸை மட்டும் நேரத்தில் மாற்றிவிட வேண்டும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் புகை டெஸ்ட் பற்றிக் கவலைப்படும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆறு மாத டெஸ்ட் சின்னப் பரீட்சை. பெரிய பரீட்சை பதினைந்தாம் வருஷம் வரும். சொந்தக் காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான். அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். "பதினஞ்சு வருஷம் ஆனா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாமே?" என்று பதறி வருபவர்கள் டெல்லிச் செய்தியைப் படித்தவர்கள். பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டி, பத்து வருஷ டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது டெல்லிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும். திருச்சியில் வண்டியின் நிலைமை சரியாக இருந்தால் புதுப்பிக்கலாம்.

டி.என்.45 வண்டி என்றால் பிராட்டியூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே மோட்டார் வாகன ஆய்வாளரை இன்னமும் எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். லைட், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், டயர், நம்பர் பிளேட் எல்லாம் பார்ப்பார். ஆனால் பழைய வண்டிகள் மாட்டுவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, சேஸிஸ் நம்பர். வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுக்க வேண்டும். துரு ஏறியிருந்தால் 3ஆ 8ஆ என்று தெரியாது. முதல் நாளே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து வைக்கச் சொல்வேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நம்பரும் போய், சந்தேகமும் வந்துவிடும். இரண்டாவது, நிறம். ஆர்.சி.யில் கிரீம் என்று இருக்கும். மகள் கல்யாணத்துக்காக எப்போதோ வெள்ளை அடித்திருப்பார்கள். அதை முதலில் ஆர்.சி.யில் மாற்றிவிட்டுத்தான் மற்றது.

பணமும் இப்போது சின்னத் தொகை இல்லை. காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும். பசுமை வரி தனி. வண்டியே நாற்பதாயிரத்துக்குத்தான் போகும் என்றால், சிலர் கணக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யைச் சாக விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த வண்டி டெஸ்டுக்கும் வராது, விற்கவும் முடியாது. இருட்டிய பிறகு மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும். வயசைப் பார்த்துக் கட்டணம் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் வண்டிகள் கூடும் என்பது என் கடை வாசலிலேயே தெரிகிறது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் ஒரு தனி வழி வைத்தார்கள். வின்டேஜ் என்று பதிவு செய்யலாம், பத்து வருஷம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பழைய ஃபியட் 1100 வைத்திருக்கும் ஒருவர் ஆசையோடு கேட்டார். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, அவற்றுக்கான பெட்ரோல், பராமரிப்பு இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம் என்றதும், "அப்போ சமயபுரம் போக முடியாதா?" என்றார். சாதாரணப் பதிவிலேயே இருந்துவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் அங்கத்து விதிகளைச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகை டெஸ்டே இல்லை. பிரிட்டனில் நாற்பது வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றங்கள் செய்யாத வண்டிக்கு 2018இலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. பென்சில்வேனியாவில் ஒரே உரிமையாளரிடம் ஒரு வருஷம் இருந்து, அந்த வருஷத்தில் 5,000 மைலுக்குக் குறைவாக ஓடிய காருக்குப் புகை டெஸ்டிலிருந்து விலக்கு; ஆனால் சைலன்சர் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பார்கள். "இங்கயும் அப்படிக் கொண்டுவந்தா எங்க அப்பா அலைய வேண்டாமே அண்ணே" என்றான் ஒரு பையன்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. டெஸ்ட் எடுத்தால் எனக்கு வருமானம் என்பதால் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவன் அப்பாவின் கார் வெளியே வருவதே அந்த ஆறு மாதத் தாளுக்காகத்தான். அதையும் எடுத்துவிட்டால் பெட்ஷீட்டோடு அப்படியே நின்று மடியும்.

இதைவிடக் கஷ்டமான வேண்டுகோள் வேறொன்று. "வண்டி ஷெட்ல நிக்குது, டயர் காத்து இல்ல. நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்புறேன், ஒரு தாள் போட்டுக் குடுப்பா." ஒரு காலத்தில் சில இடங்களில் இது நடந்தது என்பது ஊரறிந்த ரகசியம். பிறகு நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று வந்தது. இப்போது தமிழ்நாட்டில் எந்த மையத்தில் வண்டி நிற்கிறது என்று ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து பார்க்கிறது. கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனுஷர். ஓடாத வண்டிக்குப் பொய்த் தாள் வாங்குவதில் யாருக்கு நஷ்டம் என்று நினைக்கிறார். "சார், தாள் வேணும்னா வண்டியைத் தள்ளியாவது கொண்டுவாங்க. வந்துட்டா ஓட வெச்சுடலாம்" என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். சிலர் மெக்கானிக்கை அழைத்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வருவார்கள்.

வண்டியை வைத்துக்கொள்ளட்டுமா, விற்றுவிடட்டுமா என்று கேட்பவர்களிடம் மாடலையோ மைலேஜையோ நான் கேட்பதில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் நிற்காமல் ஓட்ட உங்களால் முடியுமா, இல்லை ஓட்டித்தர நம்பிக்கையான ஆள் இருக்கிறானா என்று மட்டும் கேட்பேன். இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பத்மினியானாலும் 3 சதவீதத்துக்குள் நிற்கும், செலவும் ஆயில், பிளக், ஓஸ் என்ற அளவோடு போகும். முடியாது என்றால் ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டுகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி. செத்து, டேங்க் துருப்பிடித்த பிறகு எடைக்கு வாங்குபவன்தான் வருவான்.